பெற்றோர் பராமரிப்பு மனு: பெரியவருக்குத் துணை நிற்கப் போகிறவர்களுக்கு

பக்கத்து வீட்டுப் பெரியவரோ, தெருக்கோடியில் தனியாக இருக்கும் பாட்டியோ "ஒரு மனு எழுதிக் கொடுங்க" என்று கேட்டு, நீங்களும் சரி என்று சொல்லியிருந்தால் இது உங்களுக்கான கட்டுரை. பிள்ளைகள் கவனிக்காத பெரியவருக்கு, 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் நிவாரணம் கேட்பது எப்படி என்பதுதான் இதன் பெரும்பகுதி. மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ள கூடுதல் வழிகள் பின்னால் வருகின்றன.

மனு எழுதுவது இதில் சின்ன வேலை. பெரியவர் கேட்பதை அவர் கேட்டபடியே அதிகாரியின் மேசை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரிய வேலை. உதவிக்கு வரும் நல்லவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

முதலில் உங்களைப் பற்றிச் சில கேள்விகள்

அந்தச் சொத்தில் உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ ஒரு சென்ட் வர வழி உண்டா? அந்த வீட்டில் குடியிருக்கிறீர்களா? மகனுக்கும் உங்களுக்கும் பழைய வரப்புச் சண்டை, கடன் பாக்கி ஏதாவது இருக்கிறதா? ஒன்றுக்காவது 'ஆமாம்' என்றால் வேறு ஆளைக் கைகாட்டிவிட்டு ஒதுங்குங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 13ஆம் பிரிவில் இதை எழுதியே வைத்திருக்கிறது: ஒரு பணவிவகாரத்தில் துணை நிற்பவரின் நலனும் மாற்றுத்திறனாளியின் நலனும் மோதினால், அந்த விவகாரத்தில் துணை நிற்பவர் விலகிவிட வேண்டும். ரத்த உறவு என்பதற்காகவே மோதல் இருப்பதாக எடுத்துக்கொள்ளவும் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. மூத்த குடிமக்கள் சட்டத்தில் இப்படி வரி இல்லை என்றாலும் அளவுகோல் அதுவேதான்.

அவருடைய ஏடிஎம் கார்டையும் அசல் பத்திரத்தையும் கையில் வாங்கி வைக்காதீர்கள், நகல் போதும். அவர் எழுதும் உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆட்டோ செலவைத் தவிரப் பணம் வாங்காதீர்கள், அதையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நாளைக்கு மகன் விசாரணையில் "இவர்தான் தூண்டிவிடுகிறார்" என்று நிச்சயம் சொல்வார். அன்றைக்கு அந்த நோட்டு பேசும்.

முதல் பேச்சு

தனியாகப் பேசுங்கள். மகள் கூட்டி வந்திருந்தாலும், மகள் கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும். மகனுக்கு எதிரான மனு, உண்மையில் மகளின் சொத்து வழக்காக இருப்பது அபூர்வம் இல்லை. கண்ணாடி போட்டிருக்கிறாரா, காது கேட்கும் கருவியில் பேட்டரி இருக்கிறதா, மாத்திரை போட்டுச் சாப்பிட்டாரா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். சர்க்கரை இறங்கிய நேரத்தில் கேட்கும் கேள்விக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள்.

"கொடுமை பண்றாங்களா?" என்று கேட்டால் பதில் வராது. "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? யார் போட்டாங்க? பென்ஷன் பணம் யார் எடுத்துட்டு வர்றாங்க? பேங்க் மெசேஜ் யார் போனுக்கு வருது?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியில்தான் பல வீடுகளின் கதை இருக்கிறது. பாஸ்புக் பாட்டியின் பெயரில் இருக்கும், ஓடிபி பேரனின் கைப்பேசிக்குப் போகும்.

பிறகு ஒரே கேள்வி: "இப்போ உங்களுக்கு என்ன ஆகணும்?" அவர் சொல்வதை அவர் வாய்ச்சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தொகை வேண்டும் என்பார் ஒருவர். வீட்டை விட்டுத் துரத்தாமல் இருந்தால் போதும் என்பார் இன்னொருவர். "போலீசு, கேசு எதுவும் வேணாம், மாத்திரை மட்டும் வாங்கிக் குடுக்கச் சொல்லு" என்று ஒருவர் சொன்னால், உங்களுக்கு அது போதாது என்று தோன்றினாலும் அதுதான் கோரிக்கை. வேறு என்னென்ன வழி இருக்கிறது, ஒவ்வொன்றிலும் என்ன வரும், என்ன போகும் என்று சொல்லலாம், இரண்டு நாள் யோசிக்கச் சொல்லலாம். அவருக்காக முடிவெடுக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கணக்கு வேறு. அப்போது 112க்கு அழையுங்கள்.

இந்தச் சட்டம் யாருக்கு, யார்மேல்

60 வயது நிறைந்தவர் மூத்த குடிமகன். தாய் தகப்பனாக இருந்தால் 60 ஆகியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. மாற்றாந்தாய், தத்தெடுத்தவர் எல்லோரும் இதில் அடக்கம். மனு போடக்கூடியது மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி ஆகியோர்மீது. பிள்ளை இல்லாதவர், தன் சொத்தை இப்போது அனுபவிக்கிற அல்லது பின்னால் வாரிசாக அடையப்போகிற உறவினர்மீது போடலாம்.

மருமகளும் மருமகனும் இந்தப் பட்டியலில் இல்லை. மருமகள் பெயரை முதல் எதிர்மனுதாரராகப் போட்டு எழுதுவது புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு. மருமகளை வீட்டைவிட்டு வெளியேற்றக் கேட்பதும் எளிதல்ல. குடும்ப வன்முறைச் சட்டப்படி அவருக்கும் அந்த வீட்டில் வசிக்கும் உரிமை இருக்கலாம், அதை இந்தச் சட்டத்தைக் காட்டி ஒதுக்கிவிட முடியாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடி உதை வாங்குவது தாய் என்றால் அவரும் அதே குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் போகலாம். அதற்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் கேளுங்கள்.

ஜீவனாம்சத்துக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் வழியும் இருக்கிறது. பழைய 125ஆம் பிரிவு, இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. இரண்டில் ஒன்றில்தான் கேட்க முடியும், இரண்டிலும் முடியாது. ஏற்கெனவே ஏதாவது கோர்ட்டில் வழக்கு நடக்கிறதா என்று மறக்காமல் கேட்டுவிடுங்கள்.

மனு

இந்த மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியரின் அலுவலகத்தில் இருக்கிறது. ஊரில் இதை "ஆர்டிஓ ஆபீஸ்" என்பார்கள், லைசென்ஸ் எடுக்கும் இடத்தையும் அப்படியேதான் சொல்வார்கள். ஆட்டோக்காரரிடம் "சப் கலெக்டர், பட்டா மேல்முறையீடு பார்க்கிற ஆபீஸ்" என்று தெளிவாகச் சொல்லாவிட்டால், முட்டி வலியோடு ஒரு பெரியவர் போக்குவரத்து அலுவலக வாசலில் நிற்பார். பெரியவர் இருக்கும் இடம், கடைசியாக இருந்த இடம், பிள்ளை இருக்கும் இடம் ஆகிய மூன்றில் எந்த ஊரின் கோட்டாட்சியரிடமும் கொடுக்கலாம். பெரியவருக்குப் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுத்தாலும் அது சுற்றி இங்கேதான் வரும். நேரே இங்கே கொடுத்தால் அந்தச் சுற்று மிச்சம்.

பெரியவர் தானே கொடுக்கலாம். முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த ஆளோ அமைப்போ கொடுக்கலாம் என்கிறது 5ஆம் பிரிவு. அப்படியானால் தனித்தாளில் அதிகாரக் கடிதம் வேண்டும். கைரேகை வைப்பவர் என்றால், "படித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொண்டு இடது பெருவிரல் ரேகை வைத்தார்" என்று எழுதி, குடும்பத்துக்கு வெளியே உள்ள இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குங்கள். உண்மையிலேயே படித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

கூட வைக்க வேண்டியவை: ஆதார் நகல், வயதுக்கான ஆதாரம், ரேஷன் கார்டு, பாஸ்புக்கில் கடைசி ஆறு மாதப் பக்கங்கள், மருத்துவச் சீட்டுகள், சொத்து இருந்தால் பத்திர நகலும் வில்லங்கச் சான்றும். எல்லாப் பிள்ளைகளின் பெயர், வயது, வேலை, வீட்டு முகவரி, வேலை பார்க்கும் இடம், கைப்பேசி எண். இந்தக் கடைசி வரியில் சோம்பல் பட்டால் மூன்று மாதம் போய்விடும். சட்டம் சொல்லும் 90 நாள் கெடு நீங்கள் மனு கொடுத்த நாளிலிருந்து ஓடுவதில்லை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடுகிறது. "மகன், சென்னை" என்று எழுதினால் நோட்டீஸ் போன வேகத்தில் திரும்பிவரும்.

செலவுக் கணக்கை ஒரு முழுத்தாளில் போடுங்கள். எடுத்துக்காட்டாக: வாடகை 3,500, மளிகையும் காய்கறியும் 3,000, பிரஷர், சர்க்கரை மாத்திரை 1,800, சிலிண்டரும் கரண்டும் 700, ஆஸ்பத்திரிக்குப் போய்வர 500, ஆக 9,500 ரூபாய். மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் தீர்ப்பாயம் உத்தரவிட முடியாது. ஆகவே முப்பதாயிரம் கேட்டு எழுதுவது காகித விரயம். வருமானத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். அரசு கொடுக்கும் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். "தன் வருமானத்திலும் சொத்திலும் தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாதவர்" என்பதுதான் சட்டத்தின் அடிப்படை. மறைத்த பென்ஷனை மகன் வெளியே எடுத்துப்போட்டால் மீதி எழுதியதும் பொய்யாகத் தோன்றும்.

மனுவின் உடல் இப்படி இருந்தால் போதும்:

"எனக்கு வயது 74. கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்த மகன் வீட்டில் இருந்தேன். கடந்த தை மாதம் முதல் எனக்குத் தனியாகச் சமைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். மருந்து வாங்கித் தருவதில்லை. மருந்தில்லாமல் பங்குனியில் மயங்கி விழுந்து அரசு மருத்துவமனையில் நான்கு நாள் இருந்தேன், சீட்டு இணைத்துள்ளேன். என் மாதச் செலவு இணைப்பில் உள்ளது. என் வருமானம் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் மட்டுமே."

திட்டுவார்த்தை இல்லை, "கலியுகம்" இல்லை. மாதமும் சம்பவமும் சீட்டும் இருக்கின்றன. கோரிக்கைகளைக் கடைசியில் எண்ணிட்டு எழுதுங்கள், அதில் இடைக்காலப் பராமரிப்புத் தொகையைத் தனிக் கோரிக்கையாகக் கேளுங்கள். விசாரணை முடியும்வரை மாதம் இவ்வளவு கொடு என்று உத்தரவிடத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. கேட்காவிட்டால் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஒரு பிள்ளைமேல் மட்டும் மனு போடலாம். ஆனால் அந்தப் பிள்ளை மற்றவர்களையும் உள்ளே இழுக்கலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. "பொண்ணை மட்டும் இழுத்துடாதே" என்று சொல்லும் தாயிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் சண்டை வேண்டாம். ஸ்பீட் போஸ்டில், பதிவு வசதியும் சேர்ப்புச் சான்றும் கேட்டு அனுப்பிவிடுங்கள்.

எழுதிக்கொடுத்த வீடு

பாதிச் சண்டைக்கு வேர் செட்டில்மென்ட் பத்திரம்தான். உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மென்ட் அப்படியில்லை, எழுதிப் பதிந்த அன்றே சொத்து கைமாறிவிடுகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் பத்திர ஆபீஸில் ரேகை வைத்தவர்கள் ஏராளம். கோபம் வந்ததும் ஓடிப்போய் ரத்துப் பத்திரம் எழுதுவார்கள். அப்படித் தன்னிச்சையாக ரத்து செய்வது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2022-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

போக வேண்டிய வழி 23ஆம் பிரிவு. சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்கத் தவறினால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். சிக்கல் 'நிபந்தனையோடு' என்ற சொல்லில் இருக்கிறது. அப்படி ஒரு நிபந்தனை இருந்ததைக் காட்டியே ஆக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இது பெரியவர்களைக் காக்க வந்த சட்டம், தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும், தேவைப்பட்டால் வீட்டைத் திரும்ப ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றது.

ஆகவே பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கி, வரிவரியாகப் படியுங்கள். "என்னை ஆயுள் முழுவதும் பராமரிக்க வேண்டியது" என்ற வரி இருந்தால் அதைக் கோடிட்டு மனுவில் அப்படியே எழுதுங்கள். இல்லாவிட்டால் அதே நாளில் எழுதிய உறுதிக் கடிதம், ஊர்ப் பெரியவர்கள் முன் போட்ட கையெழுத்து, எழுதிக் கொடுத்த பிறகு கொஞ்ச காலம் மகன் பணம் போட்டதைக் காட்டும் பாஸ்புக் என்று நிபந்தனை இருந்ததைக் காட்டும் எதையும் தேடுங்கள். இனிமேல்தான் எழுதப் போகிறார் என்றால் உங்கள் அதிர்ஷ்டம்: பராமரிப்பு நிபந்தனையும், தன் ஆயுள்வரை குடியிருந்து அனுபவிக்கும் உரிமையும் பத்திரத்திலேயே வரட்டும். அதைவிட நல்லது, உயிலோடு நிறுத்திக்கொள்வது.

விசாரணை நாள்

எந்தத் தரப்புக்கும் வழக்கறிஞர் வாதாடக் கூடாது என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. சில உயர் நீதிமன்றங்கள் இதை ஏற்கவில்லை, எனவே மகன் வக்கீலோடு வந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம். பலருக்குத் தெரியாத பிரிவு 18: மாவட்ட சமூக நல அலுவலரே பராமரிப்பு அலுவலர், பெற்றோர் விரும்பினால் அவர்கள் சார்பில் தீர்ப்பாயத்தில் நிற்க வேண்டியது அவர் கடமை. மனு கொடுத்த வாரத்திலேயே அவருக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். வழக்கு மேலே போகும் என்று தெரிந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

உள்ளே போனதும் நடப்பது என்ன? அதிகாரி "என்னம்மா, பையன் பாக்கறதில்லையா?" என்பார். பத்தடி தள்ளி மகன் தலை குனிந்து நிற்பான். அம்மா கண் கலங்கி, "இல்லைங்க சார், நல்ல பையன்தான்" என்று முடித்துவிடுவார். மூன்று மாத வேலை அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்துபோகும். இதை அம்மாவின் குற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் குறுக்கே பாய்ந்து "பொய் சொல்றாங்க சார்" என்றும் சொல்லாதீர்கள். முன்தினம் உட்கார்ந்து, "பையனை நல்லவன்னே சொல்லுங்க, கூடவே மாத்திரைக்கு மாசம் எவ்வளவு வேணும்னும் சொல்லிடுங்க" என்று பழக்கிவிடுங்கள். இரண்டும் ஒரே வாயில் வரலாம். மகன் இல்லாமல் தனியாகச் சில நிமிடம் பேசவிடுங்கள் என்று அதிகாரியிடம் கேட்கவும் செய்யலாம்.

சமரச அலுவலரிடம் அனுப்பினால் ஒரு மாதத்துக்குள் அவர் அறிக்கை தர வேண்டும். சமரசம் நல்லதுதான். "இனிமேல் நன்றாகப் பார்த்துக்கொள்வேன்" என்ற ஒற்றை வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதுதான் கெடுதல். எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில், எந்த அறை, மருந்து யார் பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள். சமரசம் ஆனால் அதையே தீர்ப்பாயம் உத்தரவாகப் பிறப்பிக்க வேண்டும். உத்தரவு நகல் இல்லாமல் வீட்டுக்குப் போகாதீர்கள், அது இலவசம்.

மகன் வேண்டுமென்றே வராமல் இழுத்தால் ஒருதலைப்பட்சமாக விசாரித்து முடிக்கத் தீர்ப்பாயத்தால் முடியும். இரண்டாவது வாய்தாவிலேயே அதை எழுத்தில் கேளுங்கள். பெரியவருக்கு மாடிப்படி ஏற முடியாது, காது கேட்காது என்றால் கீழ்த்தளத்தில் விசாரிக்கவும், சைகை மொழிபெயர்ப்பாளர் வைக்கவும் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். எந்தத் தீர்ப்பாயத்தையும் பாகுபாடு இல்லாமல் அணுகுவது மாற்றுத்திறனாளியின் உரிமை.

மாற்றுத்திறனாளி என்றால் கூடுதலாக

பக்கவாதம் வந்த அப்பா, பார்வை போன அம்மா ஆகியோரும் மாற்றுத்திறனாளிகளே. ஆனால் வீட்டில் யாரும் அந்தச் சொல்லால் அவர்களை நினைப்பதில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் பல உரிமைகள் திறக்கும், அதற்கு யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். அட்டையின் நிறமே சதவீதத்தைச் சொல்லிவிடும்: 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80 முதல் நீலம்.

அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். மாற்றுத்திறனாளி ஒருவர் கொடுமைக்கோ சுரண்டலுக்கோ ஆளாகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவருக்கு (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) தகவல் கொடுக்கலாம். அடைத்து வைக்கப்பட்ட ஒருவரிடம் கையெழுத்து வாங்கி வா என்று யாரும் கேட்க முடியாது. கோட்டாட்சியரும் நிர்வாக நடுவர்தான், ஆகவே கதவு அதேதான்.

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பன்முகக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால், பெற்றோரின் கையெழுத்து தானாகச் செல்லாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் நியமனம் கேட்க வேண்டும். நியமனமானவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஆண்டுதோறும் கணக்கும் கொடுக்க வேண்டும். கணக்குக் கொடுக்காத சித்தப்பாவை அந்தக் குழுவிடமே கேள்வி கேட்கலாம்.

உத்தரவு கைக்கு வந்த பிறகு

பணம் போய்ச் சேரும் கணக்கு பெரியவரின் தனிக் கணக்காக இருக்கட்டும், அதில் அவர் கைப்பேசி எண் இருக்கட்டும். வங்கிக்கு ஒரு நடை கூடவே போய் எண்ணை மாற்றிக் கொடுத்துவிடுங்கள். பத்திரம் ரத்தாகி இருந்தால், உத்தரவைச் சார்பதிவாளரிடம் கொடுத்து வில்லங்கத்தில் ஏறுகிறதா என்று பார்த்து, பிறகு பட்டா மாறுதலுக்கு எழுதுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் மகன் அதே வீட்டை அடமானம் வைக்கப் பத்திரத்தில் தடையே தெரியாது.

உத்தரவில் திருப்தி இல்லை என்றால் 60 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு. வழி தெரியாமல் நின்றால் 14567, முதியோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை.

உத்தரவான 30 நாளுக்குள் பணம் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் வாரண்டு போட்டு வசூலிக்கவும், அதற்கும் மசியாவிட்டால் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் அந்த வாரண்டுக்கு, தொகை பாக்கியான மூன்று மாதத்துக்குள் மனு கொடுத்தாக வேண்டும். "அடுத்த மாசம் சேர்த்துப் போட்டுடறேன்" என்று மகன் சொல்லிக்கொண்டே போவது இந்த மூன்று மாதத்தைத் தாண்டத்தான். பாட்டி வீட்டுச் சுவர்க் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் பணம் வந்த தேதியை வட்டமிடச் சொல்லுங்கள். இரண்டு மாதம் வட்டம் இல்லையென்றால் உங்களுக்கு ஒரு போன் வரட்டும்.